பின்னால் நடப்பவர்களுக்கு

போர்முனைக்குக் கேமராவோடு போகப்போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று வந்து நிற்கிறீர்கள். நான் வெள்ளமும் கலவரமும் எடுத்தவன், போர் எடுத்ததில்லை. அதனால் எனக்கு முன்னால் போனவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

1. நொடிகளை எண்ணப் பழகுங்கள். இரண்டாம் உலகப்போரில் பலர் தூக்கித் திரிந்த ஐமோ கேமராவில் 100 அடிச் சுருள்தான் போகும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு நிமிடமும் கொஞ்சமும். அதுவும் சாவி கொடுத்து ஓட்டுவது. ஷாட் நடுவில் நின்றால் போச்சு. உங்கள் கார்டில் மணிக்கணக்காக இடம் இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை.

2. நாள், இடம், படைப்பிரிவு, ஆளின் பெயர்: அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள்.

3. யாரையும் நடிக்கச் சொல்லாதீர்கள். முதல் உலகப்போரைப் பற்றி 1916இல் வந்த 'சோம் போர்' படத்தில், பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் மேலேறிப் பாய்வார்கள். ஒருவர் அப்படியே சரிந்து விழுவார். போர்முனைக்குப் பின்னால், பயிற்சியிடத்தில் வைத்து எடுத்தது அது. அதே படத்துக்காகத்தான் ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி மாலின்ஸ் ஜூலை 1 காலை 7.20க்கு ஹாதார்ன் மேட்டில் சுரங்கவெடி வெடித்ததை நிஜமாகவே எடுத்தார். நான் அதைப் போட்டுக் காட்டினால் பையன்கள், "இதுவும் செட்டப்பா சார்?" என்கிறார்கள். மாலின்ஸ் பாவம்.

4. வெடியைவிட முகம் முக்கியம். ஆஸ்திரேலிய ஒளிப்பதிவாளர் டேமியன் பேரர் 1942இல் நியூ கினியின் கொக்கோடா பாதையில், சேற்றிலும் மழையிலும் நடந்து எடுத்த படத்தைப் பாருங்கள். காயம்பட்ட ஒருவருக்கு இன்னொருவர் சிகரெட் பற்றவைக்கிறார். அவ்வளவுதான் காட்சி. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன். 'கொக்கோடா ஃபிரண்ட் லைன்' என்ற அந்தப் படம்தான் ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1944 செப்டம்பர் 17. பசிபிக்கில் பெலெலியு தீவு. முன்னேறிப் போகும் டாங்கியின் மறைவில் அமெரிக்க மரைன்கள் வருகிறார்கள். அவர்கள் முகம் வேண்டும் என்றால் அவர்களுக்கு எதிரே நின்றாக வேண்டும்; எதிரிக்கு முதுகைக் காட்டித்தான் நடந்தாக வேண்டும். பேரர் அப்படித்தான் பின்னோக்கி நடந்தார். ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பட்டது. வயது 32. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகன் பிறந்தது அதற்குப் பிறகு.

5. "அப்போ முகத்தை எடுக்கக் கூடாதா சார்?" என்று போன தடவை ஒரு பெண் கேட்டாள். எடும்மா. ஆனால் தனியாக நடக்காதே. ஊர்வலங்களில் நான் பின்னோக்கி நடக்கும்போது உதவியாளர் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வருவார். ஒரு இழுப்பு இழுத்தால் நில். இரண்டு இழுத்தால் கல் வருகிறது, உட்கார். ஷாட் நல்லாத்தான் போய்க்கொண்டிருக்கும். உட்கார்ந்துவிட வேண்டும்.