கோல் நுனித் தோல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆடி மாதத்தில் என் பெரியம்மாவின் மகன் சென்னையிலிருந்து எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திற்கு வந்திருந்தார். இரவு சாப்பாடு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தோல் வில்லை இருந்தது. ஒரு பக்கம் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. மறுபக்கம் கறுத்து, கண்ணாடிபோல் பளபளத்தது.

"நீ பிசிக்ஸ்தானே படிக்கிற? இது என் தப்பா இல்லியான்னு கணக்குப் போட்டுச் சொல்லுடா தம்பி" என்றார்.

அண்ணன் சென்னையில் ஒரு மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் 'மார்க்கர்' வேலை பார்க்கிறார். ஆட்டத்தின் புள்ளிகளைச் சொல்வதும், பந்துகளை எடுத்து வைப்பதும், மேசையைத் துலக்குவதும், கோல்களைப் பேணுவதும் மார்க்கரின் பணிகள். உறுப்பினர் ஒருவர் வெள்ளைப் பந்தின் அடிப்பகுதியை ஓங்கி இடித்தபோது கோல் வழுக்கி, நுனி மேசைத் துணியைக் கிழித்துவிட்டது. கோலைச் சரியாக வைத்திருக்கவில்லை என்று சொல்லி, துணிக்கான தொகையை அண்ணனின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். வில்லை அந்தக் கோலின் நுனியிலிருந்து எடுக்கப்பட்டது. அண்ணனுக்கு விடை சொல்வதற்காக நான் படித்ததும் அளந்ததும் இக்கட்டுரை ஆயிற்று.

இந்த ஆட்டத்தை நேரில் காணாத நண்பர்களுக்கு ஒரு சொல். கேரம் தெரிந்தவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஸ்டிரைக்கருக்குப் பதில் வெள்ளைப் பந்து, விரலுக்குப் பதில் கோல். பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். ஸ்நூக்கர் நம் நாட்டில் பிறந்தது. நம் மாநிலத்தில் விதி பெற்றது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இதைத் தொடங்கினார் என்பர். (பிற்காலத்தில் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) 1882-இல் உதகமண்டலத்து ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. நீலகிரியில் விதி எழுதிய அந்த ஆட்டத்தின் கோலை இன்று பழவேற்காட்டு மீனவர் மகன் ஒருவர் துடைத்து வைக்கிறார் என்பதில் எனக்குச் சற்றே பெருமை உண்டு.

கோலின் நுனியில் தோல் எதற்கு? தொடக்கத்தில் வெறும் மர நுனியே இருந்தது. வெறும் மரம் பந்தின் நடுவை இடிக்கலாம். ஓரத்தைத் தொட்டால் வழுக்கிவிடும். ஃபிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைக் கேப்டன், 1807-ஆம் ஆண்டை ஒட்டி, கோல் நுனியில் தோலை ஒட்டி ஆடினார். சிறையிலிருந்தபோது அங்கிருந்த மேசையில் ஆடியாடிக் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தோல் வந்த பிறகுதான் பந்தின் மேலும் கீழும் பக்கத்திலும் இடித்து, அதை விரும்பியபடி சுழலச் செய்ய முடிந்தது. 1835-இல் கோரியாலிஸ் இவ்வாட்டத்தின் கணிதத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சுழலும் பூமியில் காற்று திரும்புவதைப் பற்றி நாம் வகுப்பில் படிக்கும் அதே கோரியாலிஸ்தான்.

தோல் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் அது சற்றே அமுங்கி, பந்தைப் பற்றி, விட்டுவிட வேண்டும். எவ்வளவு பற்றும் என்பதை உராய்வுக் குணகம் முடிவு செய்கிறது. சாக் தடவிய நல்ல தோலுக்கும் பந்துக்கும் இடையே இது 0.6 அளவில் இருக்கும். (இந்தச் சாக், கரும்பலகைச் சுண்ணக்கட்டி அன்று. சிலிக்காவுடன் உரசும் தன்மையுள்ள நுண்பொடி சேர்ந்தது. சிகாகோவில் ஸ்பிங்க்ஸ், ஹோஸ்கின்ஸ் என்ற இருவர் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர்.) டேன் 31 பாகை 0.6 ஆகும். ஆகவே கோலின் திசைக்கும், பந்தின் தொடுபுள்ளியில் வரையும் செங்குத்துக் கோட்டிற்கும் இடையிலுள்ள கோணம் 31 பாகையைத் தாண்டினால் கோல் வழுக்கும். சைன் 31 பாகை பாதிக்குச் சற்று மேல். அதாவது பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதித் தொலைவு வரை இடிக்கலாம். ஸ்நூக்கர் பந்தின் குறுக்களவு 52.5 மி.மீ.; ஆகவே நடுவிலிருந்து ஏறத்தாழ 13 மி.மீ. வரை ஆடுபவருக்கு இடம் உண்டு.

தோல் பளபளப்பேறிச் சாக் ஒட்டாமற்போய், குணகம் 0.3 ஆகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். கோணம் 17 பாகைக்கும் குறைகிறது, இடம் 7.5 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. கையும் கண்ணும் மாறவில்லை. பழகிய இடத்தில்தான் இடிக்கிறார். ஆனால் அந்த இடம் இப்போது எல்லைக்கு வெளியே போய்விட்டது.

அண்ணனின் வில்லையில் பளபளப்பு வெளிப்படையாகத் தெரிந்தது. ஆனால் வேறொரு குறையும் இருக்குமோ என்ற ஐயம் எனக்கு வந்தது. தோல் நுனி தட்டையாக இருக்கக் கூடாது, குவிந்திருக்க வேண்டும். பூல் ஆடுவோர் ஒரு நாணயத்தின் விளிம்பைப் பக்கவாட்டில் வைத்து வளைவைச் சரிபார்ப்பதுண்டு. நம் ஒரு ரூபாய் நாணயம் குறுக்கே ஏறத்தாழ 2 செ.மீ.; அதாவது ஆரம் 10 மி.மீ. பந்தை எல்லைக்கோட்டில், 30 பாகைக் கோணத்தில் இடிக்கும்போது தோலின் எந்த இடம் பந்தைத் தொடும்? வளைவின் ஆரத்தில் பாதி, 5 மி.மீ. பூல் கோலின் தோல் 12 அல்லது 13 மி.மீ. அகலமுடையது. நடுவிலிருந்து ஓரத்திற்கு 6 மி.மீ.க்குக் குறையாது, ஆகவே தொடுபுள்ளி தோலுக்குள்ளேயே நிற்கும். ஸ்நூக்கர் கோலின் தோல் 9.5 மி.மீ. அளவினது, பாதி 4.75. அங்கே ரூபாய் நாணய வளைவு சற்றே போதாது. ஆரம் 9 மி.மீ. ஆனால் தொடுபுள்ளி 4.5-இல் அமைகிறது. அண்ணன் இக்கணக்கு எதுவும் அறியாமலே, ஸ்நூக்கர் கோலுக்கு நாணயத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உருட்ட வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

கல்லூரி ஆய்வகத்தில் டிராவலிங் மைக்ராஸ்கோப்பின் கீழ் வில்லையைப் பக்கவாட்டில் வைத்து அளந்தேன். (லென்சுக்குப் பதில் பழந்தோல் வந்ததைக் கண்டு ஆய்வக உதவியாளர் முகம் சுளித்தார்.) நடுவில் கனம் 2.1 மி.மீ.; ஓரத்தில் 1.9. வேறுபாடு 0.2 மட்டுமே. 9 மி.மீ. ஆரத்திற்கு இந்த வேறுபாடு 1.36 இருந்திருக்க வேண்டும். ஸ்ஃபெரோமீட்டர் சோதனையில் நாம் பயன்படுத்தும் வாய்ப்பாட்டின்படி பார்த்தால் இவ்வில்லையின் வளைவு ஆரம் 56 மி.மீ. ஏறத்தாழத் தட்டை. இப்படிப்பட்ட நுனியால் பந்தின் நடுவிலிருந்து 2 மி.மீ. விலகி இடித்தாலே தோலின் விளிம்புதான் பந்தைத் தொடும்.

இனி, நல்ல தோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று காண்போம். தோல் என்பது கொலாஜன் என்னும் நாரிழைகளின் பின்னல். பச்சைத் தோல் அழுகும்; பதனிட்டால் நிற்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் டானின் கொண்டு பதனிடுவது நம் நாட்டு வழக்கம். குரோமிய உப்பால் பதனிடுவது பின்னர் வந்தது; சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலைதான். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஆயா குறுக்கிட்டு, பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் தாத்தா பட்டையை இடித்துக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயப்போடுவார் என்றார். உப்புநீரில் நூல் மக்காமல் காத்ததும் அதே டானின்தான். நைலான் வலை வந்த பிறகு அந்தப் பானைக்கு வேலையில்லை.

கோல் நுனிக்கு வரும் தோல்களில் இருவகை உண்டு. ஒரே துண்டாக வெட்டியது ஒன்று. மெல்லிய பன்றித்தோல் அடுக்குகளைப் பசையிட்டு அழுத்தியது மற்றொன்று. ஒரே துண்டுத் தோலில் எல்க் மாஸ்டர் பெயர் பெற்றது. அடுக்குத் தோலில் ஜப்பானின் காமுயி, மூரி ஆகியவற்றைச் சொல்வர். அடுக்குத் தோல் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும். வடிவம் எளிதில் கெடாது. விலை பல மடங்கு. ஒரே துண்டுத் தோல் மலிவு. ஆனால் ஒரே பெட்டியில் இருப்பவையே ஒன்றுபோல் இரா. விலங்கின் முதுகுத் தோல் வேறு, வயிற்றுத் தோல் வேறு அல்லவா? அண்ணன் பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு வில்லையாகச் சிமெண்டுத் தரையில் போட்டுக் காதால் கேட்பார். கணீரென்று துள்ளுவது கடினம். மந்தமாக விழுவது மென்மை. பிறகு நகத்தால் அழுத்தி, நார் பிரிபவற்றை ஒதுக்குவார். ஐம்பதில் பத்துப் பன்னிரண்டு கழிந்துவிடுமாம்.

மென்மையா, கடினமா என்று கேட்டால் என் கருத்து இது: சொந்தக் கோல் வைத்து நாள்தோறும் ஆடுபவர் மென்தோல் வைத்துக்கொள்ளலாம், அவரே அதைக் கவனிப்பார். பலர் கைபடும் பொதுக் கோலுக்கு நடுத்தரமே நல்லது. மென்தோல் விரைவில் அமுங்கிக் காளான்போல் ஓரம் பிதுங்கும். மிகக் கடினமானது சாக்கை ஏற்காது. பூல் ஆட்டத்தில் முதல் இடிக்கென்று தனிக் கோலில் மிகக் கடின நுனி வைப்பது வேறு கதை. அமெரிக்காவில் சிலர் மென்தோலைப் பாலில் ஊறவைத்து, இறுக்கிப் பிடித்து உலர்த்திக் கெட்டியாக்குவதுண்டு. இதைச் சொன்னபோது என் தாயார் பால் பாத்திரத்தை அடுப்படிக்குள் எடுத்துச் சென்றுவிட்டார்.

ஒட்டுவது பொறுமைக்கான வேலை. பழைய தோலைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, கோலின் முனைப்பூணைப் பழைய பசை துளியும் இல்லாமல் உப்புத்தாளால் சமமாகத் தேய்க்க வேண்டும். தோலின் அடிப்பக்கத்தையும் தட்டையான பலகையில் வைத்த உப்புத்தாளில் உரச வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் ஒட்டுவதில் பயனில்லை. பசை ஒரு சொட்டே போதும். வழிந்தால் தோல் உறிஞ்சிக் கல்லாகிவிடும். அழுத்தி வைத்து, இரவு முழுதும் காயவிட்டு, மறுநாள் கோலைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றிப் பிதுங்கிய ஓரத்தைப் பூணோடு பூணாக அரிய வேண்டும். பிறகு வளைவு. கடைசியில் பக்கங்களை எச்சில் தொட்டுத் துணியால் சூடேறும் வரை தேய்த்தால் ஓரம் இறுகிப் பிதுங்காமல் நிற்கும். எச்சிலா என்று கேட்டேன். தண்ணீரும் போதும், ஆனால் எல்லாரும் எச்சில்தான் தொடுவார்கள் என்றார்.

பேணுவது அதைவிட எளிது. ஆனால் தினமும் செய்ய வேண்டும். பளபளப்புத் தெரிந்தால் நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தட்டினால் போதும். தேய்க்கத் தொடங்கினால் தோலின் ஆயுள் தூளாகக் கொட்டும். ஒவ்வோர் இடிக்கும் முன் ஆடுபவர் சாக் தடவ வேண்டும். அதுவும் வண்ணம் பூசுவதுபோல் மேலாக. கட்டியைக் குடைவதுபோல் அன்று. ஈரக்காற்றில் தோல் ஊதி மென்மையாகும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கோலைச் சுவரோரம் சாய்த்து வைப்பதை அண்ணன் அனுமதிப்பதில்லை. பக்கத்துக் கனம் ஒரு நாணயக் கனத்திற்கு வந்துவிட்டால் தோலை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் இடி நேரே பூணில் இறங்கி அதைப் பிளந்துவிடும்.

இங்குதான் அண்ணனின் வினாவுக்கு விடை கிடைத்தது. பளபளப்பை உப்புத்தாளால் போக்கியிருக்கலாம், அதைச் செய்யாதது அவர் தவறு என்று அவரிடமே சொன்னேன், ஒப்புக்கொண்டார். தட்டையை அவ்வாறு போக்கியிருக்க முடியாது. வேண்டிய வளைவைக் கொண்டுவர ஓரத்தில் மேலும் ஒரு மி.மீ.க்கு மேல் தேய்த்தாக வேண்டும். ஓரத்தில் இருந்ததே 1.9. மிச்சம் முக்கால் மி.மீ.கூட இராது. அந்தக் கோலுக்குப் புதுத் தோல் ஒன்றே வழி. புதுப் பெட்டி கேட்டு மூன்று மாதமாகியும் வாங்கித் தரவில்லை என்று அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கு ஆடியவர் சாக் தடவினாரா என்று கேட்டேன். அதை மார்க்கர் பார்க்கலாம், சொல்லக் கூடாது என்றார்.

அளவுகளையும் கணக்கையும் ஒரு முழுத்தாளில் தெளிவாக எழுதி, படம் வரைந்து கொடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் இதற்குமுன் ஒருவர் சார்பாக இப்படி ஒரு தாள் எழுதியதில்லை. அண்ணன் அதை இருமுறை படித்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். செயலாளரிடம் கொடுப்பீர்களா என்றேன்.

"கொடுத்தா கணக்கு சரியாயிடும், வேலை போயிடும்" என்றார்.

பிடித்தம் தை மாதத்தோடு முடிந்தது. நடுவில் அவர் தம் கைப்பணத்தில் ஒரு பெட்டி தோல் வாங்கிப் பன்னிரண்டு கோல்களுக்கும் மாற்றிவிட்டார். பொங்கலுக்கு வந்தபோது தரையில் போட்டுக் கழித்த வில்லைகளை ஆய்வகத்திற்கென்று எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருந்தன. மென்மையானவை, கடினமானவை என்று தனித்தனியே பொட்டலம் கட்டியிருந்தார். அவற்றின் உராய்வுக் குணகத்தைச் சாய்தளத்தில் அளக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.