உலோகத்தின் மேல் அயனி மழை

நாள்பட்ட குழல்விளக்கின் இரு முனைகளும் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளியே படிந்த தூசி அன்று. உள்ளே இருக்கும் மின்வாயிலிருந்து பெயர்ந்த பொருள் கண்ணாடியில் படிந்ததே பெரும்பாலும் அதற்குக் காரணம். மின்வாயைத் தேய்ப்பதில் வெப்பத்தோடு அயனிகளுக்கும் பங்குண்டு. மின்னிறக்கக் குழாயில் உலோகம் இவ்வாறு படிவதை வேல்ஸில் பிறந்த வில்லியம் குரோவ் 1852-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினார்.

அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு என்று பாடத்தில் படித்திருக்கிறோம். விரைந்து வரும் அயனி உலோகத்தில் மோதுவதைக் காரம் ஆட்டத்துக்கு ஒப்பிடலாம். அடிக்கும் காய் ஒன்றுதான். ஆனால் ஒரு காய் மற்றொன்றைத் தள்ள, பல காய்கள் சிதறுகின்றன. செம்பில் ஓர் அணுவை இடம் பெயர்க்க ஏறத்தாழ 30 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டுடன் வரும் அயனி எத்தனை அணுக்களைக் கலைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

மேற்பரப்பிலுள்ள சில அணுக்கள் வெளியே தெறிக்கின்றன. கற்றை சாய்வாக விழுந்தால், கடற்கரை மணலில் காணும் அலைவரிகளைப் போன்ற நுண்வரிகளும் தோன்றக்கூடும். உள்ளே பெயர்ந்த அணுக்களில் பெரும்பாலானவை கண்ணிமைக்கும் நேரத்தினும் மிக விரைவாகக் காலியிடங்களுக்குத் திரும்பிவிடுகின்றன. திரும்பாதவையே சேதம்.

அச்சேதம் எவ்வளவு பெரிதாகும்? அணு உலையில் நியூட்ரான்களும் இவ்வாறே அணுக்களைப் பெயர்க்கின்றன. ஸ்காட்லாந்தின் டவுன்ரே வேக உலையில் இருந்த எஃகில், காலியிடங்கள் ஒன்றுகூடி நுண்ணிய பொந்துகள் ஆனதை 1967-இல் அறிவித்தார்கள். பொந்துகள் பெருகினால் எஃகு வீங்கும். எரிபொருள் குழாய்கள் வளைந்து நெருக்கும். ஆகவே எஃகை முன்கூட்டியே சோதிப்பது இன்றியமையாதது. நியூட்ரான்கள் பல ஆண்டுகளில் செய்யும் சேதத்தை அயனிக் கற்றை சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ செய்து காட்டிவிடும். நம் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன. சிறிதளவு டைட்டானியம் சேர்த்த எஃகு வீக்கத்தை நன்கு தாங்குவதும் ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது.

இதே மோதல் நன்மையும் செய்கிறது. டைட்டானியக் கலப்புலோகத்தில் நைட்ரஜன் அயனிகளைச் செலுத்தினால், அதன் மேற்பரப்பு கடினமாகித் தேய்மானம் குறைகிறது. செயற்கை இடுப்பு மூட்டுகளுக்கு இம்முறை பயன்பட்டிருக்கிறது.

அடி ஒன்றுதான். எந்த அயனி, எவ்வளவு ஆற்றல், எந்த உலோகம் என்று அளந்து அறிந்தவர்களின் கையில் அது உலோகத்தைச் சோதிக்கும் உரைகல்லாகவும், செதுக்கும் உளியாகவும் ஆகிறது.