நீர்ப்பாய்ச்சியின் கணக்கு
நம்பிக்கைகளும் உண்மைகளும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் பக்கம் போகிறவர் கண்ணில் படுவன வேலிக்கருவைக் காடும், ஆண்டில் பெரும்பகுதி வெடித்துக் கிடக்கும் கண்மாய்களுமே. குடிதண்ணீரையே ஒருவருக்கொருவர் கைமாற்றிக் காலந்தள்ளிய இந்தச் சீமையின் ஜனங்களுக்கு உபகாரம் என்றால் என்னவென்று எவரும் போதிக்க வேண்டியதில்லை. எங்கோ வெள்ளம், பூகம்பம், யுத்தம் என்று செய்தி வந்தவுடன் பள்ளிவாசலிலும் கோயில் வாசலிலும் துணியும் பணமும் சேர்ந்துவிடுகின்றன. ஆயினும், அவ்விதம் சேர்ந்தவை போக வேண்டிய இடத்தில் என்ன ஆகின்றன என்ற விஷயத்தில் மட்டும், சந்தைப்பேட்டையிலும் தேநீர்க்கடையிலும் சில தவறான அபிப்பிராயங்கள் வேரூன்றியிருக்கின்றன. அவற்றுள் நான்கினை, 2004 டிசம்பர் 26ஆம் தேதி நாகப்பட்டினக் கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலையின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பொருள் ஏராளமாக வந்து குவிந்தால் துயரம் தானே தீரும்.

உண்மை: தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களை அந்த அலை கொண்டுபோயிற்று, அவர்களுள் 6,000க்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்தவர். உலகம் பதறி எழுந்து அள்ளிக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட நாடுகள் அனைத்துக்குமாகத் திரண்ட உதவி சுமார் 1,350 கோடி டாலர் என்று, பல ஸ்தாபனங்கள் கூடி அமைத்த மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006ஆம் ஆண்டு அறிக்கையிட்டது. ஆனால், லாரி லாரியாக நாகைக்கு வந்து இறங்கியவற்றுள் பழந்துணி ஏராளம். கடலை நம்பித் தன் உழைப்பில் உடுத்துப் பழகிய மீனவக் குடும்பம் பிறர் கழித்த சேலையைத் தொட மறுக்க, அவை சாலையோரங்களில் குன்றுகளாய்க் குவிந்து, உயிர் பிழைத்தவர்களைக் கவனிக்க வேண்டிய ஆட்களுக்கு அந்தக் குன்றுகளை அப்புறப்படுத்தும் வேலையும் சேர்ந்தது. படகு விஷயமும் இப்படியே. கண்ணாடியிழைப் படகு கொடுப்பது கௌரவமான காரியமாகத் தோன்றியதால், ஸ்தாபனத்துக்கு ஸ்தாபனம் போட்டியிட்டுக் கொடுத்தன; அவற்றுள் தரங்குறைந்தவையும் இருந்தன. நேற்றுவரை கூலிக்குக் கடலுக்குப் போனவர் இன்று படகுக்காரராகி, உடன் வர ஆளின்றி நின்றதும் உண்டு. படகு பெருகினால் கடலில் மீன் பெருகிவிடாது என்பதைக் கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை. அதைச் சொல்லக்கூடிய கரைக்காரர்களை அவர்கள் கேட்கவுமில்லை.

நம்பிக்கை 2: ஆபத்து வேளையில் கூட்டம் போட்டுப் பேசுவது காலவிரயம், அவரவர் ஓடிப்போய் உதவுவதே வேகம்.

உண்மை: கண்மாயில் அரைத் தண்ணீர் கிடக்கும் வருஷத்தில், அவரவர் அவசரத்துக்கு அவரவர் மடையைத் திறந்தால் கடைமடை வயல் கருகும் என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். நிவாரணத்துக்கும் அதுவே நியாயம். சாலையோரத்துக் கிராமத்துக்கு மூன்று முறை சோறு வர, உள்ளொதுங்கிய கிராமத்துக்கு ஒரு முறையும் வராதிருப்பது, கொடுப்பவர் எண்ணிக்கை குறைந்ததனால் நேர்வதன்று, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமையால் நேர்வது. இதை உணர்ந்தே, 2005 ஜனவரித் தொடக்கத்தில், நாகையின் ‘ஸ்நேகா’ அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நிறுவின. எந்த ஊரில் யார், என்ன செய்கிறார், எது இன்னும் செய்யப்படவில்லை என்ற பட்டியலே அதன் முதல் ஆயுதம். பிற்பாடு கிராமத் தகவல் மையங்களும் அதனோடு சேர்ந்தன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991ஆம் ஆண்டிலேயே மனிதாபிமான உதவிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைத் தீர்மானமாக வகுத்திருந்தும், தண்ணீருக்கு ஒருவர், உறைவிடத்துக்கு ஒருவர் என்று துறைதோறும் தலைமை ஏற்கும் முறை 2005ஆம் ஆண்டில்தான் பிறந்தது. ஒருங்கிணைப்பு வெறும் நிர்வாக விஷயமன்று, அரசியல் விஷயமுங்கூட. இலங்கையில் அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து நடத்த 2005 ஜூனில் செய்துகொண்ட உடன்படிக்கையின் முக்கியப் பகுதிகளுக்கு அடுத்த மாதமே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பேசிவைத்த ஏற்பாடு நடைமுறைக்கு வரவேயில்லை.

நம்பிக்கை 3: பேரலைக்குச் சாதி தெரியாது, ஆகவே நிவாரணத்திலும் பாகுபாடு நேராது.

உண்மை: அலைக்குத் தெரியாததைப் பட்டியல் எழுதுகிறவர் நன்கறிவார். கடற்கரைத் துயரம் என்றவுடன் படமும் செய்தியும் மீனவர் குப்பங்களையே நாடின. அவர்கள் இழப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால், உப்புநீர் புகுந்த வயல்களில் கூலி வேலை இழந்த தலித் தொழிலாளரும், உப்பளத்தில் உழைத்தவரும், கழிமுகங்களில் கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த இருளரும், படகும் வலையும் இல்லாத காரணத்தாலேயே பல பட்டியல்களில் இடம்பெறாமல் நின்றனர். இழந்ததைக் காட்டி நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், இழப்பதற்கு முதலில் ஏதேனும் சொந்தமாக இருந்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பட்டியல்களின் எழுதப்படாத விதியாயிற்று.

நம்பிக்கை 4: பணம் கொடுத்தவருக்கு ரசீதும் கணக்கும் காட்டிவிட்டால் பொறுப்பு முடிந்தது.

உண்மை: ரசீது அவசியந்தான். வெளிநாட்டு நன்கொடை பெறுவோர் சர்க்காருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்து, 2010இல் அது புதுப்பிக்கப்பட்டும் இருக்கிறது. ஆனால், தார் பூசிய தகடுகளால் நாகையில் எழுப்பிய தற்காலிகக் குடியிருப்புகளுக்கு எத்தனை சுத்தமான கணக்கு எழுதியிருந்தாலும், சித்திரை வெயிலில் அவற்றுக்குள்ளே குழந்தையோடு வெந்துகொண்டிருந்த தாய் எந்தப் புத்தகத்தில் தன் குறையை எழுதுவாள்? இந்தக் கேள்வி உலகத்தை உறுத்தியது அதற்கு முன்பே. 1994இல் ருவாண்டாவிலிருந்து அண்டை நாட்டுக் கோமா நகருக்கு ஓடிய அகதிகள், உதவி ஸ்தாபனங்கள் நெருக்கியடித்து நின்ற முகாம்களிலேயே காலராவுக்குப் பல்லாயிரக்கணக்கில் பலியானார்கள். அதைத் தொடர்ந்து 1997இல் தொடங்கிய ‘ஸ்ஃபியர்’ முயற்சி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது போன்ற அளவுகோல்களை வகுத்து, உதவி பெறுவது பிச்சையன்று, உரிமை என்று நிலைநாட்டிற்று. 2014இல் வெளியான மனிதாபிமானப் பணிக்கான அடிப்படைத் தரம், குறை கேட்கவும் அதற்குப் பதில் சொல்லவும் ஏற்பாடு வேண்டுமென்பதையும் கடமைகளுள் ஒன்றாக்கியது.

இந்தத் தத்துவத்தைக் கற்க நாம் ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. கண்மாய்த் தண்ணீரை முறைவைத்து வயல்தோறும் பாய்ச்ச ஊரார் நியமித்த நீர்ப்பாய்ச்சிக்கு, அறுவடைக்குப் பின் களத்துமேட்டில் கூலிநெல் அளப்பது மழையைப் பெய்வித்த வானமன்று, தண்ணீரைப் பெற்ற குடிகளே; ஆகையால் கடைமடைக்காரர் குறை சொன்னால் நீர்ப்பாய்ச்சி நின்று பதில் சொல்லியே ஆக வேண்டும். இன்றைய உதவி ஸ்தாபனங்களுக்கோ கூலி அளப்பது வானம். அவர்களுடைய கண்ணும் வானத்தையே பார்க்கிறது. எனவே அடுத்த முறை வீரசோழனிலிருந்து ஒரு லாரி புறப்படுமுன், அங்கே எது வேண்டியிருக்கிறது என்று யாரைக் கேட்டோம், எந்தப் பட்டியலில் இது சேர்கிறது, பெறுகிறவர் குறை சொல்ல யாரிடம் போவார் என்ற மூன்று கேள்விகளையும் சரக்கோடு ஏற்றி அனுப்புவோம். விடை கிடைக்காவிட்டால், மூட்டையில் பழந்துணி இருக்கிறதா என்று முதலில் அவிழ்த்துப் பார்ப்பது நலம்.