படம் நிற்கும்போது மவுஸை ஆட்டிப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். நல்ல கார்டுதான்; ஆனால் எனக்கு அது தேவையே இல்லை. ஹாலில் டிவியோடு இணைத்திருக்கும் பழைய டெஸ்க்டாப்பில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை படம் அப்படியே நின்றுவிடும். பத்து விநாடி கழித்து எதுவும் நடக்காததுபோல் ஓடும். "கார்டு போட்டால் சரியாகிவிடும் சார்" என்றார்கள் கடையில். போட்டேன், சரியாகவில்லை. கோளாறு இருந்தது படங்களைச் சேர்த்து வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில்.

அடியோடு படுத்துவிட்ட கணினியைச் சரிசெய்வது எளிது. நின்று நின்று ஓடும் கணினிதான் ஆளை ஏமாற்றும். கேபிள், ரேம், கார்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். ஒன்று பலித்ததுபோலவும் தோன்றும், மறுநாள் மீண்டும் நிற்கும். அதனால் கடைக்குப் போகுமுன் ஒரே ஒரு சோதனை: அடுத்த முறை படம் நிற்கும்போது மவுஸை ஆட்டுங்கள், ஒலியைக் கவனியுங்கள்.

எது நிற்கிறது?

படம் நிற்கிறது, வசனம் மட்டும் ஓடுகிறது என்றால், சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் வேலையில் கணினி திணறுகிறது. பிராசஸர் அல்லது கிராபிக்ஸ் பக்கம் பாருங்கள்.

படமும் ஒலியும் சேர்ந்தே நிற்கின்றன, மவுஸ் மட்டும் தாராளமாக நகர்கிறது என்றால், தரவு வந்து சேரவில்லை. டிஸ்க் அல்லது நெட்வொர்க் பக்கம் பாருங்கள். என் வீட்டில் நடந்தது இதுதான், நான்தான் கவனிக்கவில்லை.

மவுஸும் சேர்ந்து நிற்கிறது, ஸ்பீக்கரில் ஒரே ஒலி கரகரவென்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால், முழுக் கணினியும் நிற்கிறது. சூடு, ரேம், பவர் சப்ளை, டிரைவர் ஆகியவற்றைப் பாருங்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு. படம் நிற்காது, ஏறக்குறைய 40 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன வெட்டு மட்டும் விழும். இது பழுதே இல்லை. சினிமாக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 23.976 ஃபிரேமில் பதிவாகியிருக்கும். டிவிக்குப் போகும் சிக்னல் சரியாக 24 ஹெர்ட்ஸில் இருந்தால், 42 விநாடிக்குள் ஒரு ஃபிரேம் இடறும். டிஸ்ப்ளே அமைப்பில் 23.976-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். சில கணினிகளில் அது 23 என்றே காட்டும். கோடி பிளேயரில் படத்துக்கேற்ப ரிஃப்ரெஷ் ரேட்டைத் தானாக மாற்றும் வசதியும் இருக்கிறது.

காசு செலவழிக்குமுன்

பிரச்சினை தரும் படத்தைக் கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கார்டும் பிராசஸரும் தப்பித்தன. அங்கேயும் நின்றால் டிஸ்க்கும் வைஃபையும் தப்பித்தன. பாதிச் சந்தேகம் பத்து நிமிடத்தில் தீரும்.

அடுத்து, விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, படம் நின்ற நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 4101 என்ற எண் இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. 153 இருந்தால் டிஸ்க் ஒருமுறை கேட்டதற்குத் தராமல் மறுமுறை கேட்க வைத்திருக்கிறது.

புது டிஸ்க்கா, பழையதே போதுமா?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால், அந்த இடங்களைப் படிக்க டிஸ்க் மல்லுக்கட்டுகிறது. அங்கே யோசனை வேண்டாம்: முதலில் குடும்பப் புகைப்படங்களை நகலெடுத்துவிட்டுப் புது டிஸ்க் வாங்குங்கள். படங்கள் வைக்க எஸ்எஸ்டி தேவையில்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் வேகமே தாராளம். எண் பூஜ்யமாக இருந்தால் யுஎஸ்பி கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். நெடுநேரம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட்டும்போது மட்டும் தாமதிக்கிறது என்றால் டிஸ்க் தூங்கி எழுகிறது. பவர் அமைப்பில் அந்தத் தூக்கத்தை ரத்துசெய்தால் முடிந்தது.

கேபிளா, வைஃபையா?

எஸ்எஸ்டியில் இருக்கும் படம் ஓடுகிறது, இணையத்தில் வருவது மட்டும் நிற்கிறது என்றால் இந்தக் கேள்வி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, அண்டை வீடுகளின் ரவுட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாவற்றோடும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடிக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் தளர்ந்துவிடும். ரவுட்டர் அதே ஹாலில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் போதும். வேறு அறையில் இருந்தால் லேன் கேபிள்தான் நிரந்தரத் தீர்வு.

நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. அதற்குப் பழைய 100 எம்பிபிஎஸ் போர்ட்டே மிச்சம். 4கே புளூரே தரத்தில் உள்ள கோப்பை வேறொரு கணினியிலிருந்து இழுத்தால் கதை மாறும். அந்த வடிவத்தின் உச்சவேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும். அப்போது இரு பக்கமும் கிகாபிட் போர்ட் வேண்டும், கேபிளின் எட்டு ஒயரும் கிரிம்ப் ஆகியிருக்க வேண்டும். நாலு ஒயரை மட்டும் இணைத்துவிட்டுப் போனால், ஓட்டம் 100-ஐத் தாண்டாது.

கிராபிக்ஸ் கார்டா, டிவி ஸ்டிக்கா?

ஒலி ஓடிப் படம் நிற்கும் வீடுகளுக்கு மட்டும் இது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். பிராசஸர் 100 சதவீதத்தைத் தொட்டு, ஜிபியுவின் 'வீடியோ டிகோட்' கோடு தரையிலேயே கிடந்தால், உங்கள் சிப்புக்கு அந்த வீடியோ வடிவம் தெரியாது என்று அர்த்தம். இன்டெல் 4ஆம் தலைமுறைக்கு எச்.264 தெரியும், எச்.265 தெரியாது. 10 பிட் எச்.265-ஐயும் விபி9-ஐயும் முழுமையாகக் கையாள்வது 7ஆம் தலைமுறையிலிருந்து. ஏவி1 வந்தது 11ஆம் தலைமுறையில். யூடியூப் மட்டும் திணறினால், எச்264இஃபை போன்ற இலவச நீட்சியைப் பிரவுசரில் சேர்த்தால் அது எச்.264-ஆகவே வரும். விலை: 1080பி-க்கு மேல் தரம் கிடைக்காது.

கார்டு வாங்குவதானால் ஜிடி 1030 எச்.265-ஐயும் விபி9-ஐயும் பார்த்துக்கொள்ளும். ஏவி1-க்கு அதுவும் உதவாது. விலை குறைவு என்று ஜிடி 710 வாங்கிவிடாதீர்கள், அதற்கு எச்.265 தெரியாது. அலுவலகங்களிலிருந்து வரும் ஒல்லி டெஸ்க்டாப் என்றால் அரை உயரக் கார்டு என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மூடி மூடாது. இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, விண்டோஸ் 11, இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்பதில்லை. அந்தக் கணினிக்குப் புதுக் கார்டு என்பது பழைய வீட்டுக்குப் புதுக் கதவு.

4கே டிவி ஸ்டிக் சிறியது, விசிறிச் சத்தம் கிடையாது, ஓடிடி செயலிகள் சரளமாக ஓடும். சேமிப்பிடம்தான் சொற்பம். பழைய கணினியில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளை நிறுவி, படக்கிடங்காக வைத்துக்கொண்டு, ஸ்டிக்கில் பார்த்தால் அந்தக் குறையும் தீரும். ராஸ்பெர்ரி பை 4 எச்.265-ஐ 4கே-யில் அருமையாக ஓட்டும். ஆனால் விபி9-க்கும் ஏவி1-க்கும் அதில் வன்பொருள் உதவி இல்லை. சொந்தச் சேமிப்பு மட்டும் பார்ப்பவருக்கு நல்லது, யூடியூப் வீட்டுக்குச் சரிப்படாது.

மவுஸும் நின்றால்

முதலில் மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பிராசஸர் வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் தெர்மல் பேஸ்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது. வெப்பம் சரியாக இருந்தால் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட விட்டு ரேமைச் சோதியுங்கள். ரேமும் தேறினால் பவர் சப்ளை. நண்பரிடம் ஒன்று கடன் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முடிவாக

ஓடிடியும் யூடியூபும்தான் உங்கள் வீட்டுப் பொழுதுபோக்கு என்றால் ஸ்டிக் வாங்குங்கள். கணினியோடு மல்லாட வேண்டாம். பெரிய படச்சேமிப்பு இருந்து, கணினி 8ஆம் தலைமுறை அல்லது புதியது என்றால், அதைச் சரிசெய்வதே லாபம். இரண்டுக்கும் இடைப்பட்டவர்களுக்குக் கிடங்குக் கணினியும் ஸ்டிக்கும் சேர்ந்த ஏற்பாடு பொருந்தும். எதுவானாலும், எது நிற்கிறது என்று பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

என் கார்டு இன்னும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. இப்போது படம் நிற்காமல் ஓடுவது பக்கத்தில் இருக்கும் புது டிஸ்க்கினால்.