பராமரிப்பு நின்றுபோன கம்ப்யூட்டர்களைக் காத்துக்கொள்ளும் விதம்

பட்டா நகல், கூட்டுறவுச் சங்கக் கணக்கு, உர வரவுசெலவு முதலியவற்றைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இப்பொழுது அநேகர். இவர்களில் பலர் உபயோகிப்பது மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம். 2015-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வெளிவந்த இதற்குக் கம்பெனியார் அளித்துவந்த பராமரிப்பு, 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ந் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ந் தேதியும் இவ்வாறே முடிந்திருந்தன.

மறுநாளும் யந்திரம் வழக்கம்போல் ஓடுகிறபடியால், கெடுதல் ஒன்றுமில்லையென்று எண்ணுவது சகஜம். வரப்பில் நண்டு வளை தோன்றுவதுபோல் இயங்குதளத்திலும் ஓட்டைகள் அடிக்கடி தென்படுகின்றன. கம்பெனியார் மாதந்தோறும் அவற்றை அடைத்துவந்தார்கள், இனி அடைப்பதில்லை. இதனினும் மோசமான சங்கதி ஒன்றுண்டு. புதிய இயங்குதளத்திற்கு ஓர் அடைப்பு வெளியானதும், திருடர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை எங்கேயிருந்தது என்று அறிந்துகொள்கிறார்கள். பழையதும் புதியதும் ஒரே வித்தின் வழிவந்தவையாதலால், அவ்வோட்டை பெரும்பாலும் பழையதிலும் இருக்கும். அங்கே அது திறந்தபடியே கிடக்கும். பழைய பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டித்தர நம்மூரிலேயே மெக்கானிக் உண்டு. விண்டோஸின் உள்ளமைப்போ கம்பெனியார் வசமே இரகசியமாக உள்ளது.

2017 மே 12-ந் தேதி உலகெங்கும் பரவிய ‘வான்னாக்ரை’ என்னும் புழு இதற்குத் தக்க திருஷ்டாந்தம். அது நுழைந்த ஓட்டைக்கு அவ்வருஷம் மார்ச்சு 14-ந் தேதியே அடைப்பு வெளியாகியிருந்தது. அதை ஏற்றிக்கொள்ளாத யந்திரங்களே அகப்பட்டன. யாரும் எதையும் தொடாதிருக்கையில், அது ஒரு யந்திரத்திலிருந்து அதே நெட்வொர்க்கிலுள்ள மற்றொன்றுக்குத் தாவி, தஸ்தாவேஜுகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. நம் தேசத்தில் ஆந்திரப் போலீஸாரின் சில கம்ப்யூட்டர்களும் சேதமடைந்தன.

ஆகவே, தம் யந்திரத்திலுள்ளது எது என்பதை ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று வரிசையாகத் திறந்தால் அது தெரியும். யந்திரம் தகுதியுடையதாயின் விண்டோஸ் 11-க்குச் செலவின்றி மாறலாம். 2018-க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் தகுதி பெறா. தகுதியற்றதிலும் குறுக்குவழியில் ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லக்கூடும். அப்படி ஏற்றியதற்கு அடைப்புகள் தொடருமென்று கம்பெனியார் உறுதி கூறவில்லை. தனி நபர்களின் விண்டோஸ் 10 யந்திரங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அடைப்புகள் தரும் ஓர் ஏற்பாட்டை அவர்கள் 2025-ல் செய்தனர். அது அவகாசம் மாத்திரமே.

பழைய யந்திரத்தையே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைச் சிபார்சு செய்யலாம். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்; உள்ளிருப்பது அழியாது. ஆனால் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட கணக்கு மென்பொருளும், சில பிரிண்டர்களும், டிஜிட்டல் கையொப்பச் சாதனங்களும் அதில் ஓடாமற் போகலாம். உத்தியோகஸ்தர்கள் இதை முன்னதாகவே சோதித்துக்கொள்ள வேண்டும்.

அத்தகைய மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸையே வைத்திருக்க நேர்ந்தால், அதை இன்டர்நெட்டிலிருந்தும் ஆபீஸின் மற்ற யந்திரங்களிலிருந்தும் பிரித்துவிட வேண்டும். கேபிளைக் கழற்றுவதும், வைஃபையை அணைப்பதும் போதும்; இதற்கு ஒரு காசு செலவில்லை. பாங்கு வேலையும் ஈ-மெயிலும் அதில் கூடவே கூடாது. அவற்றை அடைப்புகள் வந்துகொண்டிருக்கும் வேறொரு யந்திரத்தில் செய்க. ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோமே என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். அது பழகிய திருடனை அடையாளம் காட்டும் காவலாளி. உடைந்த கதவைச் சரிசெய்யாது. நெட் இணைப்பைப் பிரித்தபின்பும் பென் டிரைவ் மூலமாய் நோய் வரும். ஜெராக்ஸ் கடையில் செருகியதை நேரே செருகாமல், நல்ல யந்திரம் ஒன்றில் சோதித்த பிறகே உபயோகிக்க வேண்டும். அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரமில்லாத தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நலம். திருட்டுப் பிரதியான விண்டோஸை எவ்விதத்திலும் நாம் ஆதரிப்பதற்கில்லை; நோயையே விலை கொடுத்து வாங்கினவர்களும் உண்டு.

எல்லாவற்றினும் அவசியமானது பிரதி. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். செருகியபடியே விட்ட டிஸ்க்கையும் புழு சேர்த்துப் பூட்டிவிடும். மாதமொருமுறை அதிலிருந்து ஒரு கணக்கைத் திறந்து பார்க்காதவன், தனக்குப் பிரதி உண்டென்று சொல்லிக்கொள்ள முடியாது.

தஸ்தாவேஜுகள் பூட்டப்பட்டதாகத் தெரிந்தால் உடனே நெட் கேபிளைக் கழற்றுக. கேட்ட பணத்தைக் கட்டினாலும் அவை திரும்பக் கிடைக்குமென்ற நிச்சயமில்லை. பாங்குக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், தாமதியாமல் பாங்குக்கும் 1930 என்னும் டெலிபோன் எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.