மறதி நோயாளரும் பராமரிப்பவரும்

முதுமையில் வரும் மறதியெல்லாம் நோயல்ல. ஆனால் பெற்ற பிள்ளையை அறியாதிருப்பது, மாலைதோறும் "ஊருக்குப் போவோம்" என்று புறப்படுவது மறதி நோயின் அறிகுறிகளாகலாம். இதில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர் நோய். இதை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

2020 மார்ச் 20இல் கொரோனாவினால் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது இக்குடும்பங்களின் சுமை கூடியது. கோயில், சந்தை, அயலவர் வருகை எல்லாம் நின்றன. நாளின் ஒழுங்கு குலைந்தால் நோயாளரின் குழப்பம் கூடும். முகக்கவசம் அணிந்த மகளையே மட்டுக்கட்ட முடியாமற் போகும். மாறிப் பார்க்க ஆளில்லாதபோது பராமரிப்பவர் நித்திரை இழப்பார், எரிந்து விழுவார், பின் தனியே அழுவார். இது அன்புக் குறைவல்ல, களைப்பு.

நாம் செய்யக்கூடியவை:

1. சாப்பாடு, குளிப்பு, நித்திரை தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

2. "அந்த ஊர் இப்போது இல்லை" என்று வாதாட வேண்டாம். வயலில் என்ன விதைத்தீர்கள் என்று கேளுங்கள்.

3. திடீரெனக் குழப்பம் கூடினால் காய்ச்சலோ சலத்தொற்றோ காரணமாகலாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

4. கிழமைக்கு ஒரு பிற்பகலாவது வேறொருவர் பொறுப்பெடுக்கட்டும்.

குழுவாகச் சிந்திக்க: சீராக் 3:12-13ஐ வாசியுங்கள். அறிவு தளர்ந்த தந்தையிடம் பொறுமை காட்டும்படி அது கேட்கிறது. பொறுமை காட்டுபவருக்கு ஓய்வு கொடுப்பது யார்? நம் அயலில் அப்படியான வீடு எது? இக்கிழமை அங்கே யார் போவது?