குறைத்து ஓடும் மார்கழி

சென்னை மாரத்தான் ஜனவரி தொடக்கத்தில் வருவதால், அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஏறத்தாழ மார்கழிக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. இந்த ஊரில் ஓடுவதற்கு அதைவிடத் தோதான மாதம் கிடையாது. விடிகாலையில் லேசான குளிர், மழை கழுவிவிட்ட சாலை, சுள்ளென்று அடிக்காத வெயில். அந்த மாதம் பார்த்துத்தான் எங்கள் குழுவில் எல்லோரும் ஓட்டத்தைக் குறைக்கிறோம். டேப்பர் என்போம். நான்கு மாதமாகக் கூட்டிக்கொண்டே வந்த தூரத்தைக் கடைசி மூன்று வாரத்தில் படிப்படியாக இறக்குவது. மழையிலும் புழுக்கத்திலும் பயிற்சித் திட்டத்தை வரி பிசகாமல் பின்பற்றியவர்கள்கூட இந்த இடத்துக்கு வந்ததும் மீற ஆரம்பிப்பார்கள்.

காரணம் பயம்தான். 32 கிலோமீட்டர் ஓடிப் பழகிய கால் 12 கிலோமீட்டரில் வீடு திரும்பினால் மனசு சும்மா இருக்காது. இத்தனை நாள் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடுமோ என்று அரிக்கும். கரையாது. ஒரு நீண்ட ஓட்டத்தின் பலன் உடம்பில் சேரப் பத்து நாளாவது ஆகும். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடுகிற 28 கிலோமீட்டர் களைப்பை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அடுப்பை அணைத்த பிறகும் குக்கரைத் திறக்காமல் காத்திருக்கிறோமே, அந்த நேரம்தான் டேப்பர். தசை நார்களில் விழுந்த நுண்ணிய கிழிசல்கள் ஆறுவதும், உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனின் இருப்பு நிரம்புவதும் தூரம் குறைந்த இந்த நாட்களில்தான் நடக்கின்றன.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் வாரத்துக்கு 60 கிலோமீட்டர் வரை ஏறுபவர்கள். அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். பந்தயத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, 30 அல்லது 32 கிலோமீட்டர் கொண்ட கடைசி லாங் ரன் முடிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் மொத்தம் 45, அதில் ஞாயிறு மட்டும் 20. அதற்கடுத்த வாரம் 35, ஞாயிறு 12 அல்லது 13. பந்தய வாரத்தில், பந்தயத்தைச் சேர்க்காமல், 15 முதல் 18 போதும். வாரம் ஐந்து நாள் ஓடுபவர் ஐந்து நாளும் ஓடலாம். தினமும் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஆய்வு பலமும் உண்டு. லோரன்ட் பொஸ்கே குழுவினர் 2007-ல் 27 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில், இரண்டு வாரத்துக்குப் பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் பயிற்சி நாட்களையும் அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்கே பலன் அதிகம் என்று தெரியவந்தது. அதில் இருந்தவர்கள் போட்டி வீரர்கள். நம்மைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுபவர்களைப் பற்றி 2021-ல் டப்ளினைச் சேர்ந்த பாரி ஸ்மைத்தும் அவருடைய சகாவும் எழுதினார்கள். ஸ்ட்ராவா செயலியில் பதிவான 1,58,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கணக்கு அது. வாரா வாரம் ஒழுங்காக, மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வந்தவர்கள், பெயருக்குக் குறைத்தவர்களைவிடச் சுமார் ஐந்தரை நிமிடம் முன்னதாக முடித்திருந்தார்கள். ஒழுங்காகக் குறைப்பவர்கள் மற்ற பயிற்சிகளையும் ஒழுங்காகவே செய்திருப்பார்கள் என்பதால் ஐந்தரை நிமிடத்தையும் டேப்பர் கணக்கில் எழுத எனக்குத் தயக்கம் உண்டு. இந்த லாபம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்றும் அதில் இருக்கிறது. அதை மட்டும் எங்கள் குழு ஆண்களிடம் டிசம்பர்தோறும் தயக்கமே இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

தூரம் குறையும்போது வேகத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறவர்கள் நிறைய. தினமும் ஆமை வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் போய்வந்து, பந்தய நாளில் கால் மரக்கட்டையாக இருக்கிறது என்பார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 1992-ல் வெளியான சோதனை ஒன்றை இவர்களுக்குச் சொல்வேன். நடுத்தர தூர ஓட்டக்காரர்கள் சிலரை ஒரு முறை முழு ஓய்விலும், ஒரு முறை மெதுவான ஓட்டத்திலும், இன்னொரு முறை மிகக் குறைந்த தூரத்தை மிக வேகமாக ஓடவும் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது முறையில் அவர்கள் சோர்ந்து நிற்க எடுத்துக்கொண்ட நேரம் 22 சதவீதம் கூடியது. முழு ஓய்வில் முன்னேற்றமே இல்லை. அதனால் செவ்வாய்க்கிழமை வேகப் பயிற்சியை நாங்கள் விடுவதில்லை. 400 மீட்டரை எட்டு முறை ஓடியவர் நான்கு முறை ஓடுவார். மாரத்தானுக்கு வைத்திருக்கும் வேகத்தில் வாரத்தில் ஒரு நாள் நான்கைந்து கிலோமீட்டர். மெதுவான ஓட்டம் முடிந்தபின் இருபது இருபது விநாடியாக நாலு ஸ்ட்ரைட்ஸ், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும் குட்டி ஓட்டங்கள். கால்களுக்கான எடைப் பயிற்சியைப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடலாம். புது ஷூ, புது யோகாசன வகுப்பு, எலும்பு வரை அமுக்குகிற மசாஜ் எல்லாம் பொங்கலுக்கு அப்புறம்.

இனி வலிகள். டேப்பர் தொடங்கிய சில நாட்களில் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். போன டிசம்பரில், முதல் ஃபுல் மாரத்தான் ஓடவிருந்த பெண் ஒருத்தி மத்தியானத்தில் கூப்பிட்டாள்.

"அக்கா, வலது குதிகால்ல சுருக்கு சுருக்குன்னு இழுக்குதுக்கா. நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்ல."

"ஓடும்போது இழுக்குதா, சும்மா இருக்கும்போதா?"

"ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கும்போதுதான்."

"சாயந்திரம் ஒரு நாலு கிலோமீட்டர் மெதுவா போயிட்டு வந்து சொல்லும்மா."

ராத்திரி பேசினபோது, ஓடும்போது வலியின் நினைப்பே வரவில்லை என்றாள். வேலை குறைந்த உடம்பை மனசு அங்குலம் அங்குலமாகச் சோதனை போடுகிற காலம் இது. பெரும்பாலான வலிகள் இந்த ரகம். நான் பார்ப்பது மூன்று விஷயம். ஓட ஓட வலி கூடுகிறதா, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் இருக்கிறதா, நடையில் தாங்கல் தெரிகிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பிசியோவிடம் போய்விட வேண்டும். இல்லையென்றால் அடுத்த நாள் வழக்கம்போல ஓடலாம்.

நிஜமான தொல்லை சளியும் காய்ச்சலும்தான். மழைக்காலத்தின் வால் பகுதி, கொசு வேறு. காய்ச்சலோடு ஓடவே கூடாது; அது இதயத்தோடு விளையாடுகிற வேலை. காய்ச்சல் விட்டபின் தவறிப்போன ஓட்டங்களைச் சேர்த்து வைத்து ஓடவும் கூடாது. 1950-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குச் சற்று முன்னால், செக் வீரர் எமில் ஜாட்டோபெக் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் படுத்துக் கிடந்தார். வெளியே வந்து 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டையும் வென்றார். வெறிபிடித்தாற்போல் பயிற்சி செய்கிறவருக்கு அந்தப் படுக்கையே கட்டாய டேப்பராகிவிட்டது. காய்ச்சலில் நான்கு நாள் போய்விட்டதே என்று புலம்புகிறவர்களுக்கு இந்தக் கதை நல்ல மருந்து. குணமானதை உறுதி செய்ய மட்டும் மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மார்கழி என்றால் சபா கேன்டீன். தூரம் பாதியாகிவிட்ட பிறகும் பசி பழைய அளவிலேயே இருக்கும். கச்சேரிக்குப் போகிறேன் என்று கிளம்பி, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு அப்படியே வீடு திரும்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. முதல் இரண்டு வாரத்தில் அதை நான் பெரிதாகத் தடுப்பதில்லை. அந்த நேரத்தில் எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பது அதைவிட மோசம். ஆற வேண்டிய தசைக்குச் சாப்பாடு வேண்டும். கடைசி இரண்டு மூன்று நாள்தான் கவனிக்க வேண்டியவை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் எட்டு முதல் பத்து கிராம் மாவுச்சத்து என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 480 முதல் 600 கிராம் வரை ஆகிறது. ஒரு கப் சோற்றில் இருப்பது ஏறக்குறைய 45 கிராம். சோற்றை மட்டும் வைத்து இந்தக் கணக்கை முடிக்க யாராலும் ஆகாது. இட்லி, இடியாப்பம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஜூஸ், பானகம் என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட வேண்டும். கீரை, சுண்டல், சிறுதானியம் போன்ற நார் மிகுந்தவற்றை அந்த நாட்களில் தள்ளி வைக்கலாம். வெண்பொங்கல் அரிசிதானே என்பார்கள். அரிசி சரி, நெய்யை என்ன செய்வது?

இப்படிச் சாப்பிட்டால் எடை இயந்திரம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை கூட்டிக் காட்டும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்வதால் வருவது அது. பந்தயத்தில் செலவாகிவிடும். அந்த வாரம் நான் இயந்திரத்தின் மேல் ஏறுவதே இல்லை.

தூக்கம்தான் இந்த ஊர்ப் பந்தயத்தில் சிக்கலான விஷயம். ஃபுல் ஓட்டம் விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்குவதால் இரண்டு மணிக்கே எழ வேண்டும். நாலரைக்குத் திருப்பாவை ஒலிபெருக்கி வைக்கும் கோயில் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்குக்கூட அது சீக்கிரம்தான். பந்தய வாரத்தில் தினமும் கால் மணி, அரை மணி என்று படுக்கப் போவதை முன்னால் நகர்த்திக்கொண்டு வரலாம். நடுவில் புத்தாண்டு இரவு வந்து பட்டாசோடு கெடுக்கும். அதற்கு வழியில்லை, மறுநாள் மதியம் தூங்கிக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கு முந்தைய இரவு அநேகமாக யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அதற்கும் முந்தைய இரவில் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

டேப்பர் ஒழுங்காக நடந்திருந்தால், அதன் கடைசிச் சோதனை துப்பாக்கி வெடித்த பிறகு வரும். நேப்பியர் பாலத்தைத் தாண்டி மெரினா சாலையில் இறங்கும்போது கால் தரையில் நிற்காது. இருட்டு, குளிர்ந்த காற்று, சமதளமான அகலச் சாலை, சுற்றிலும் கூட்டம். திட்டமிட்ட வேகம் நடைபோலத் தோன்றும். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று நினைத்திருந்தவர் கடிகாரத்தில் ஐந்தே முக்காலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு நமக்கு நல்ல நாள் என்று முடிவு கட்டிவிடுவார். கடலோர ஈரப்பதத்தில் அந்தக் கணக்கு 30 கிலோமீட்டருக்கு மேல்தான் தெரியவரும். முதல் ஐந்து கிலோமீட்டரைத் திட்டமிட்ட வேகத்தைவிடப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாகவே ஓடுங்கள். முந்திக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். அவர்களில் பாதிப் பேரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்த்துக்கொள்ளலாம்.